கரையோரம் மிஞ்சிய குழி

கடைசிக் குழியைத் தோண்ட இசிகேலி மறுத்துவிட்டான்.

கடப்பாரையை மண்ணில் குத்தி நிறுத்தினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

மேலே சாலையில் டாக்ஸி காத்திருந்தது. சாயங்காலத்துக்குள் உர்மிளாவும் அனீலும் நாந்தி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பிறகு பிரிஸ்பேன். திரும்பி வரும் பயணம் இல்லை அது.

சிகடோகா ஆறு இந்த மழைக்காலத்தில் கரையை நிறையத் தின்றிருந்தது. பாரம்பரிய நடைபாதையைப் பராமரிக்கும் அவர்களுடைய அறக்கட்டளை, கரை அரிக்காமலிருக்க நட்டு வளர்த்த வெட்டிவேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. அடுத்த வெள்ளத்தில் கரையோரத்துக் குழந்தைக் குழிகளும் போய்விடும்.

கரும்புத் தோட்டத்துக் கூலி லைன் வீடுகளில் பிறந்து அங்கேயே செத்துப்போன சிசுக்கள் அவை. பெரியவர்களை எரித்தார்கள், பச்சைப் பிள்ளைகளைப் புதைத்தார்கள். தலைமாட்டில் ஒரு ஆற்றுக்கல், அவ்வளவுதான்.

பாரம்பரிய நடைபாதையில் வருகிற பயணிகளை உர்மிளா இந்த இடத்தில் நிறுத்துவாள். கையை ஒரு வீச்சு வீசி, எல்லாம் கிர்மிட் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் என்பாள். அவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அறக்கட்டளைக் கூட்டம் என்றால் ஒரு காலத்தில் நாற்காலி போதாது. போன வருஷம் தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைபிடிக்கப் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்கள். அதிலிருந்து மாதம் தவறாமல் யாராவது விடைபெற வந்தார்கள். தலைவராக இருந்த வாத்தியார் பாலசுப்பிரமணிகூட ஆக்லாந்துக்குப் போய்விட்டார்.

மிஞ்சியவர்கள் மூன்று பேர். செயலாளர் உர்மிளா. பாதையைச் செப்பனிட்டு வந்த அவள் கணவன் அனீல். இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பூர்வகுடிக் குலத்தைச் சேர்ந்த இசிகேலி. மதராஸிக் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் என்பதால் அவனுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

போவதற்கு முன்னால் பிள்ளைகளை மேட்டுக்கு மாற்றியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் உர்மிளாதான்.

காலையிலிருந்து தோண்டினார்கள். எலும்பு என்று எதுவும் கிடைக்கவில்லை. நிறம் மாறிய மண்தான் இருந்தது. அதை வெள்ளைத் துணியில் முடிந்து, மேட்டில் கொய்யா மரங்களுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்கள். ஒரு குழியில் மட்டும் கறுப்புக் கண்ணாடி வளையல் கிடந்தது. கட்டைவிரல்கூட நுழையாத அளவு.

இப்போது இந்த ஒன்றுதான் பாக்கி. ஆறு அதன் கால்மாட்டுக்கு வந்துவிட்டது.

"கோவம்போல," என்றான் அனீல், மனைவியிடம் மெதுவாக. "நாம கெளம்புறோம்ல. அவன்தான் தனியா கெடந்து புல்லு வெட்டணும்."

உர்மிளா கடப்பாரை நின்ற இடத்துக்குப் போனாள். அதைப் பிடுங்கப் பார்த்தாள். இசிகேலி எழுந்து வந்து அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"இத மேட்டுல வைக்க விடமாட்டேன் அக்கா."

"ஏன்?" அனீலின் குரல் உயர்ந்துவிட்டது. "ஒங்க நெலம்னா?"

ஒரு வருஷமாகக் கடையிலும் பஸ்ஸிலும் தன் காதில் விழுந்த ஏச்செல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது என்று அனீலுக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

இசிகேலி கோபப்படவில்லை. குழியின் தலைமாட்டில் இருந்த கல்லைப் பார்த்தான். அதை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான்.

அந்தக் குழி கிர்மிட் காலத்தது இல்லை.

1987 மே மாதம். முதல் ராணுவப் புரட்சி நடந்த வாரம். உர்மிளாவின் பிள்ளை மாதம் நிறைவதற்கு முன்பே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தடுப்பு என்றார்கள். எந்த டாக்ஸிக்காரனும் வண்டியை எடுக்கத் துணியவில்லை. இரண்டு நாள் மூச்சு விட்டது. அனீலால் வீட்டுப் படியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்த இசிகேலிதான் குழி தோண்டினான்.

அடுத்த வருஷம்தான் உர்மிளா நடைபாதைப் பேச்சை எடுத்தாள். ஆற்றங்கரைக்கு நாலு பேர் வந்து போகட்டும் என்றாள்.

"நீங்க போயிட்டா மேட்டுல யாரு இருக்கா?" என்றான் இசிகேலி. "ஒரே வருஷத்துல காடு மூடிக்கும். மத்த புள்ளைங்க நூறு வருஷமா ஒண்ணாவே கெடந்ததுங்க, தொணைக்குத் தொண இருக்கும். இது சின்னது. எங்க ஊரு கல்லறையில, எங்கம்மா பக்கத்துல வெச்சுக்கிறேன். நேத்தே எங்க மொறப்படி பெரியவங்க முன்னால யங்கோனா வேரக் காணிக்கையா வெச்சுக் கேட்டேன். சரின்னுட்டாங்க."

அனீல் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சாலையில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

"ஆனா ஒண்ணு," என்றான் இசிகேலி. "பேரு வேணும் அக்கா. பேரு இல்லாம எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்லி ஒப்படைப்பேன்?"

"பேரு எங்க வெச்சோம்..." என்று தொடங்கினான் அனீல். பேர் வைக்கும் நாள்வரை பிள்ளை இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

உர்மிளா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ப்ரீதிகா."

யோசிக்கவே இல்லை. தினமும் கூப்பிட்டுப் பழகிய பெயர்போல வந்தது.

இசிகேலி அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கல்லை நகர்த்தக் குனிந்தான்.

அனீல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினாலு வருஷத்தில் அந்தப் பெயரை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை.