பன்னிரண்டா, பதினாலா?

"எழுத்து பதினாலு சைஸ்ல இருந்தா, நம்மளத் தலைக்கனம் பிடிச்சவங்கன்னு ஆபீஸ்ல நெனைப்பாங்க" என்றார் அப்பாஸ் பாய்.

செந்தில்வேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுப் பன்னிரண்டு சைஸ் வைத்தபோது, இம்புட்டுப் பொடிசா இருந்தா சங்கத்தை எவன் மதிப்பான் என்று கேட்டதும் இதே வாய்தான்.

விஷயம் இதுதான். நாயுடுபுரத்தில் மேட்டுத் தெருவுக்கு ஏறும் வளைவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். காட்டெருமை ஒன்று அதில் ஆசை தீர முதுகைச் சொறிந்ததில் கம்பம் சாய்ந்து, வளைவு முழுக்க இருட்டு. அன்றைக்கு ராத்திரியே, பஜ்ஜிக் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஏறிய சோலையம்மாள் அதே எருமைக்கு எதிரே போய் நின்றுவிட்டாள். விழுந்தடித்து ஓடியதில் முழங்கையில் நல்ல அடி. புருஷன் இல்லாதவள். பயந்துகொண்டு கடையைச் சீக்கிரம் மூடினால், வீட்டு அடுப்பு எரியாது.

தெரு நலச் சங்கம் ஆனந்தின் ஜெராக்ஸ் கடையில் அவசரமாகக் கூடியது. அதன் வாசலில்தான் சோலையம்மாளின் பஜ்ஜிக் கடை. ஆனந்த்தான் பொருளாளர். தலைவர் பாலமுருகன். செயலாளர் செந்தில்வேல். போட்டோவோடு ஒரு மெயில் அனுப்புங்கள், ஆள் வரும் என்று கரண்டு ஆபீசில் போனிலேயே சொல்லிவிட்டார்கள். செந்தில்வேல் ரெண்டு வரியில் எழுதியும் விட்டார்.

விளக்கு வரும் வரைக்கும், கடை மூடும் நேரத்துக்கு எல்லாரும் சேர்ந்து சோலையம்மாளுக்குத் துணையாகப் போகலாமே என்று ஸ்வெட்டர் கடை அப்பாஸ் பாய் கேட்டார். தலைவருக்கு உடனே முட்டி வலித்தது. ஆனந்துக்குக் கடையில் சோலி. செந்தில்வேலுக்கு லாட்ஜைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

பாய் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். "சரிங்க, மெயிலுக்கு அடியில சிக்னேச்சர் எப்படிப் போடப்போறீங்க?" என்று கேட்டார்.

அங்கே பிடித்தது சனி.

தலைவர் தன் பெயர் கொட்டை எழுத்தில் வேண்டும் என்றார். ஆனந்த், தன் பெயருக்குப் பின்னால் பி.காம். வராவிட்டால் பொருளாளர் பதவியே வேண்டாம் என்றார். செயலாளர் பெயர் பொருளாளர் பெயரைவிட ஒரு சுற்றாவது பெரிதாக இருப்பதுதானே முறை என்று செந்தில்வேலும் சொல்லிப் பார்த்தார். சங்கத்துக்குச் சின்னமாகக் காட்டெருமைப் படம் போட்டார்கள். எருமை மேலேதான் புகார், அதையே தலைமேல் வைப்பீர்களா என்று பாய் கேட்டதும் எடுத்துவிட்டுக் குறிஞ்சிப் பூவைப் போட்டார்கள். பூ கலர் சரியில்லை என்றார் பாய். மெயில் ரெண்டு வரி, சிக்னேச்சர் ஒன்றரைப் பக்கம் என்று வளர்ந்து நின்றது.

தினமும் சாயங்காலம் கூட்டம். ஒருத்தர் விடாமல் ஆஜர், முட்டி வலிக்காரர் உட்பட. எல்லாம் முடிந்து அனுப்பும் பொத்தானை ஆனந்த் தொடப்போகும் சமயத்தில், பாய் ஒரு குறை கண்டுபிடிப்பார். வெளியே சோலையம்மாள் எண்ணெய்ச் சட்டியை இறக்கியதும், "சரிங்க, நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுந்துவிடுவார். போன் டார்ச்சுகளை அடித்துக்கொண்டு, சண்டை போட்டபடியே எல்லாரும் மேடேறுவார்கள், பின்னாலேயே சோலையம்மாளும். அந்த இரைச்சலுக்கு எருமை பக்கத்திலேயே வரவில்லை. பாய் வீடு கீழே பஜாரில். ஆனாலும் வாக்குவாதத்தை விட மனசில்லாமல் மேட்டுத் தெரு வரைக்கும் வந்துவிட்டு, தனியாக இறங்கிப் போவார். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று செந்தில்வேல் தலையில் அடித்துக்கொள்வார்.

இன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"பாய், அந்தம்மா உசுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க சைஸ் வந்து காப்பாத்துமா?"

பாய் ஆனந்தைப் பார்த்து, "எதுக்கும் எழுத்தைச் சாய்ச்சுப் போட்டுப் பார்ப்போமா?" என்றார்.

மறுநாள் மத்தியானம் செந்தில்வேல் வளைவுக்கு வந்தபோது, அங்கே புதுக் கம்பம் நின்றது. உச்சியில் ஒருவர் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க இன்னும் மெயிலே அனுப்பலையேங்க" என்றார் செந்தில்வேல்.

"மெயில் கம்பம் சாஞ்ச மறுநாளே வந்துருச்சுங்க. புதுக் கம்பம் வரத்தான் தாமதம்" என்று கீழே நின்றவர் போனை நீட்டினார்.

'கம்பம் சாஞ்சு கெடக்கு. பொம்பளை ஆளுக தனியா நடக்கிற பாதை. வெரசா வாங்க.' கீழே ஒரே ஒரு வார்த்தை. அப்பாஸ். சைஸும் இல்லை, பூவும் இல்லை.

செந்தில்வேல் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். தலைவரும் ஆனந்தும் பாயும் அங்கேதான் இருந்தார்கள். விளக்கு வந்த கதையைச் சொல்லி, மெயில்தான் அன்றைக்கே போய்விட்டதே, பிறகு எதற்கு எங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்தினீர்கள் என்று பாயைப் பிடிபிடியென்று பிடித்தார்.

வாசலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சோலையம்மாள் நிமிர்ந்தாள். "அப்ப, கடை மூடுனதும் உங்க கூட்டத்தோட சேந்து இனிமே நான் மேடேற வேணாமா பாய்?"

ஆனந்த், குறிஞ்சிப் பூவை என்ன செய்வது என்று முனகினார்.

பாய் எழுந்து செருப்பை மாட்டினார்.

"நான் ஒருத்தனாக் கூடப் போனா ஊரு அந்தம்மாவைத்தான் பேசும், எருமையும் பயப்படாது. அதான் மொத நாளே எல்லாரையும் துணைக்குக் கூப்பிட்டேன். அவங்கவங்களுக்குச் சோலி இருந்துச்சு. ஒங்க பேரை எம்புட்டுப் பெருசாப் போடணும்னு கேட்டேன். ஒருத்தர் விடாம தெனமும் வந்தீங்க."