சிக்கெடுத்த படம்

ஜெசிந்தாவின் மூளைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"சின்ன வயசுல அடிபட்டு வளந்தவங்களுக்கு இந்த இணைப்புகள்ல சிக்கு விழுந்திருக்கும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. படத்துல தெரியாத மனச்சோர்வுக்கு வைத்தியம் பாக்க எனக்கு அனுமதியும் இல்லம்மா."

அப்பா பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் அடுக்களையில் ரேடியோவைச் சத்தமாக வைத்தவள் அம்மா ரோஸ்லின். ஜெசிந்தா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது சொல்லும்மா."

"இவ அப்பா கைநீட்டுனதே கிடையாது டாக்டர்" என்றாள் ரோஸ்லின்.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது ஜெசிந்தா கேட்டாள். "படத்துல எப்படிம்மா ஒண்ணுமே இல்லாமப் போச்சு?"

"பதினஞ்சு வயசுல காய்ச்சல்னு உன்ன ஆஸ்பத்திரில சேத்தேம்லா, அப்பவே சிக்கெடுத்து விடச் சொல்லிட்டேன். மாப்பிள வீட்டுக்காரவுக மொதல்ல படத்தத்தான கேக்காவ."

"எனக்கு இன்னும் வலிக்கே."

"படத்துல தெரியாமத்தான் ஆக்க முடியும்னாவ. உள்ள இருக்கத எவன் பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

ஆட்டோ வந்து நின்றது. ஜெசிந்தா மட்டும் ஏறிக்கொண்டு, கிளம்பச் சொன்னாள்.