மாஸ்டரின் பூஸ்ட்

கிதாரின் முதுகு திறந்து கிடக்கிறது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளைப் புதிதாக மாற்றிவிட்ட மெக்கானிக் அக்கா, புகையும் சால்டரிங் அயனோடு அசையாமல் நிற்கிறாள். "சத்தத்தைத் தூக்குற அந்த பூஸ்ட் சர்க்யூட்ல கை வைச்சுடாதீங்க! பதினஞ்சு வருஷமா என் சவுண்டே அதுதான். ஆறு மணிக்கு மேடை!" என்று மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு பதறுகிறார், தமக்குத் தாமே மாஸ்டர் பட்டம் சூட்டிக்கொண்டவர். அக்காவின் கண்கள் பூஸ்ட் சுவிட்சின் சிவப்பு ஒயரைத் தொடர்கின்றன. அதன் நுனி எதிலும் சேரவில்லை. பற்றவைத்த தடம்கூட இல்லாமல் தொங்குகிறது. "என்ன பாக்கறீங்க? போயிடுச்சா?" மாஸ்டர் எட்டிப் பார்க்கிறார். "இருந்தது இருந்தபடியே இருக்கு, மாஸ்டர்." ஒயரை உள்ளே மடித்து மூடியைப் பொருத்துகிறாள். அவர் சுவிட்சைத் தட்டி, தந்தியைச் சுண்டி, கண் மூடுகிறார். "கேட்டீங்களா? புலி!" அக்கா கடைசித் திருகாணியை இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறாள்.