செவ்வாய்க்கிழமைக்கு ஒரு திட்டம்

"அதெல்லாம் சரி சார். செவ்வாய்க்கிழமை என்ன பண்ணுவீங்க?"

கண்ணாடித் தொழிற்சாலையின் உலை மேஸ்திரி திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். வங்கியின் உள்ளறையில், சுழல் நாற்காலியில் இருந்தவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அது... ஃபார்ம்ல கேக்கறாங்களா சார்?"

"இல்ல. நான் கேக்கறேன்."

மேஸ்திரிக்கு ஐம்பது வயது. உலைக்கு முன்னால் நின்று நின்று புருவ முடி பாதி போய்விட்டது. தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு அறிவித்திருந்தார்கள். இன்று மாலைக்குள் கடிதம் கொடுத்தாக வேண்டும். கடிதம் சட்டைப் பையில் தயாராக இருந்தது. வருகிற மொத்தப் பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தில் காலம் தள்ள முடியுமா என்று கேட்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

அதற்கான பதிலைச் சுழல் நாற்காலிக்காரர் அவர்கள் உட்கார்ந்த சூட்டோடு சொல்லிவிட்டார். எல்லாம் மனக்கணக்கு. கடனை முழுசாக அடைத்துவிட வேண்டியது. மிச்சத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றை மாத வட்டிக்குப் போட்டு, ஒன்றை ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒதுக்கி, மூன்றாவதை அறுபது வயது வரை ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்தால், பென்ஷனோடு சேர்த்து, விலைவாசி ஏறினாலும் வண்டி ஓடும். எதையும் இரண்டு முறை கேட்டே பழகிய மனைவி இதையும் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் வண்டி ஓடியது.

பணம் பிரச்சினை இல்லை. கிழமைதான் பிரச்சினை.

"திங்கக்கிழமை பூரா தூங்குவேன்னு சொல்லிட்டீங்க. நியாயம்தான். செவ்வாய்?"

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"காலைல ஜன்னலோரம் உக்காருவேன் சார். எங்க வீட்டுக்குப் பின்னாடி ஏரி இருக்கு. நான் சரியாப் பார்த்ததே இல்ல. ஷிஃப்டுக்குப் போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு. லீவு நாள்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன். ஏரி இருக்குன்னு இவ சொல்லித்தான் தெரியும்."

"ஏரிக்கும் சேர்த்துத்தான் கடன் கட்டறோம்" என்றாள் மனைவி.

"தண்ணி மேல பனி நிக்குமாம் சார். அது கொஞ்சம் கொஞ்சமா கலையறதைப் பார்ப்பேன். அப்புறம் வெயில் வரும். உலைச் சூடு மாதிரி மூஞ்சில அறையாது. சும்மா வந்து தோள்ல கை போடும். தூரத்துல ஒரு கொக்கு, ஒத்தைக் கால்ல..."

சுழல் நாற்காலிக்காரரின் கண்களும் மூடியிருந்தன. ஏசி, ஏரிக்காற்று போல முனகியது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே டோக்கன் எண்கள் சிவப்பாக மாறிக்கொண்டே இருந்தன. அறைக்குள் மட்டும் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.

"கொக்கு நிக்குது" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "அப்புறம்?"

"பறந்து போயிடும்."

"போயிடுச்சு. அப்புறம்?"

"டீ குடிப்பேன்."

"குடிச்சாச்சு. இன்னும் மத்தியானம் ஆகலையே சார்?"

மேஸ்திரி மனைவியைக் கைகாட்டினார். "வீட்டுல இவளுக்கு ஒத்தாசையா..."

"அடுப்படிப் பக்கம் தலையைக் காட்டினீங்க, அவ்வளவுதான்" என்று மனைவி முந்திக்கொண்டாள். "நான் ஒரு டப்பாவை ஒரு இடத்துல வெச்சா அது அங்கதான் இருக்கணும்."

"எல்லா வீட்டுலயும் இதைத்தாம்மா சொல்றாங்க" என்றார் சுழல் நாற்காலிக்காரர்.

"தோட்டம் போடுவேன் சார்!"

"செடி ஒரு நாளைக்கு எவ்வளவு வளரும்?"

"அது... மெதுவாத்தான் வளரும்."

"ஆமா. ரொம்ப மெதுவா."

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "சார், பணம் போதுமா போதாதா? அதைச் சொல்லுங்க. சும்மா இருக்கறதுக்கெல்லாம் பரீட்சை வெச்சா மனுஷன் எங்க போவாரு?"

"பணம் தாராளமா போதும்மா."

மேஸ்திரியின் பாதிப் புருவங்கள் இரண்டும் மேலே ஏறின. "அப்ப இன்னைக்கே குடுத்துடறேன் சார்!" கை சட்டைப் பைக்குள் போனது.

கதவு திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"சார்" என்றாள், குழந்தையை எழுப்புகிற குரலில். "எந்திரிங்க சார்."

சுழல் நாற்காலிக்காரர் மறுபேச்சில்லாமல் எழுந்தார். போகிற போக்கில் மேஸ்திரியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். "கொக்கு வரைக்கும் ரொம்ப நல்லா இருந்தது சார். அதுக்கு மேல ஏதாவது தோணிச்சுன்னா அவசியம் வந்து சொல்லுங்க."

கதவு மூடியது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. நான்தான் மேனேஜர். எனக்கு முன்னாடி இங்க இருந்தவர் அவர். நாலு வருஷம் முன்னாடி விருப்ப ஓய்வு வாங்கிட்டுப் போனார். தினமும் நான் சாப்பிடப் போற நேரம் பார்த்து வந்து உக்காந்துடறார். வெளிய இருக்கறவங்க எல்லாம் அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க, யாரும் தடுக்க மாட்டாங்க."

"அப்ப அவர் சொன்ன கணக்கு?" என்றாள் மனைவி.

"அது தப்பாவே இருக்காதும்மா. தனக்கும் அதே கணக்கைத்தான் போட்டுக்கிட்டார்."

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து வெறுங்கையை வெளியே எடுத்தார்.

"மேடம், எங்க வீட்டுக் கடனை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிக் குடுப்பீங்களா?"