லிஸ்பனில் சம்மந்தி சண்டை

"இது கடலு சம்மந்திம்மா! அக்கரையே சரியாத் தெரியல, இதப் போயி ஆறுன்றீங்களே!" என்றார் உமாபதி.

"ஆறுதான். நகரி ஊருல பொறந்தவருக்குத் தண்ணி ஓடுற ஆறு எப்படித் தெரியும்?" என்றாள் சென்னம்மா.

லிஸ்பன் ஆற்றங்கரையில், பழைய கற்கோட்டையைப் பார்க்க நின்றிருந்த டிக்கெட் வரிசையே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. உமாபதியின் மகன் ஹரிபாபுவும், அவன் மனைவியான சென்னம்மாவின் மகள் சந்தியாவும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இருவருக்கும் அந்த ஊரில்தான் சாப்ட்வேர் வேலை. பிரிந்துவிடுவது என்று போன மாதம்தான் முடிவு செய்திருந்தார்கள். அதற்குள் ஆந்திராவில் இருக்கும் நகரி ஊரிலிருந்து அவன் அப்பாவும் குப்பம் ஊரிலிருந்து அவள் அம்மாவும் ஊர் சுற்றிப் பார்க்க வந்து இறங்கிவிட்டார்கள். பெரியவர்கள் திரும்பும்வரை ஒற்றுமையாக இருப்பதுபோல் நடிப்போம், பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

நடிக்க நேரமே கிடைக்கவில்லை. விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து சம்மந்திகள் எதற்கெடுத்தாலும் முட்டிக்கொண்டார்கள்.

"நைனா, இது ஆறுதான். கடலு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவணும்" என்றான் ஹரிபாபு.

"மாமியார் கட்சியாடா நீ? வாயில ஊத்திப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது!"

உமாபதி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கரைப்படிகளில் இறங்கினார். ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தார். "உப்பு! கடலேதான்!"

"கடல்தண்ணி ஆத்துல ஏறிக்கினு இருக்குது, அவ்ளோதான். இருங்க, நானும் குடிச்சிப் பாத்துச் சொல்றேன்."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சென்னம்மாவும் இறங்கினாள். படியெல்லாம் பாசி. இருவரும் ஒன்றாகவே வழுக்கினார்கள்.

"ஹரி, எங்கம்மாவப் புடி!"

"நான் பாத்துக்கறேன், நீ நைனாவ இழு!"

இடுப்புவரை நனைந்தவர்களை இழுத்துக் கரை சேர்த்ததும் சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். ஈரம் சொட்டச் சொட்ட, "நீங்கதான் தள்ளனீங்க!" "நானா?" என்று சம்மந்திகள் மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஹரிபாபு சந்தியாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அவன் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவர்கள் சேர்ந்து சிரித்துப் பல மாதங்களாகியிருந்தன.

"ரெண்டு பேரும் இந்த பெஞ்சிலயே உக்காந்திருக்கணும். ஒருத்தரோட ஒருத்தர் பேசவே கூடாது!" என்று அதட்டினாள் சந்தியா. "வா ஹரி, துண்டும் சூடா காபியும் வாங்கிக்கினு வரலாம்."

சாலையைக் கடக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகும் விடவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் சென்னம்மா முந்தானையைப் பிழிந்தபடி மெல்லக் கேட்டாள்: "தண்ணி ரொம்ப உள்ள போயிடுச்சாண்ணா?"

"போனாப் போவுது விடும்மா. போன்ல அதுங்க கொரலக் கேட்டே நமக்குப் புரிஞ்சிப்போச்சே! பிரியறோம்னு நின்னதுங்க, கையப் புடிச்சிக்கினு போவுதுங்க பாரு."

"நாளைக்குப் பெரிய பாலத்துக்குக் கூட்டிக்கினு போறாங்களாம்ணா. நான் அது செவப்புன்றேன், நீங்க காவின்னு புடிச்சிக்கங்க."