முதுகில் பெயரில்லாத சட்டை

டோலிடோ அரங்கின் பெரிய திரைக்குக் கீழே கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைபோட்டுப் பொறுக்கும் மாலை. அதிகம் தோற்ற அணிகளுக்கு முதல் உரிமை. உள்ளூர் அணி தோற்றுத் தோற்றே மூன்றாவதாகப் பொறுக்கும் வாய்ப்பைச் சம்பாதித்திருக்கிறது. சட்டையில் பெயர் அச்சடிக்கும் மேசையில் வெர்னிடா தன் புதுச் சட்டையை முதுகு மேலாக விரித்திருக்கிறாள். எல்லோரும் எதிர்பார்க்கும் நெட்டைப் பையனின் பெயரை, அச்சடிக்கும் ஊழியன் டுவைட் எழுத்தெழுத்தாக அதில் அடுக்கிவிட்டான். எழுத்தை அழுத்தி ஒட்டும் இயந்திரம் சூடேறிக் காத்திருக்கிறது; ரப்பர் வாடை. திரையில் அணியின் மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். இந்த வாய்ப்பை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, 2031ஆம் வருஷத்து வாய்ப்பை வாங்கிவிட்டார்களாம். பொறுமைதான் திட்டமாம். யாரோ வீசிய பாப்கார்ன் அவர் மூக்கில் பட்டு உதிர்கிறது.

"போன வருஷமும் இதே பல்லக் காட்டித்தான் வித்தான்," என்கிறாள் வெர்னிடா. "கைக்கு வந்த பையனை ஆடவைக்கத் துப்பில்ல, பொறுமையாம் பொறுமை!" டுவைட் எழுத்துகளைப் பொறுக்கி டப்பாவில் போடுகிறான். "சட்டைய மடிச்சுத் தரட்டுமா மேடம்?" "எதுக்கு மடிக்கிற? 2031னு அடி." "அணியக் கேலி பண்ற மாதிரி எதுவும் அடிக்கக் கூடாதுன்னு உத்தரவு மேடம்." "கேலி என்ன தம்பி? அவன் இன்னைக்கு எடுத்த ஆளு பேரு அதானே?" டுவைட் திரையைப் பார்க்கிறான். சிரிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. எண்களைத் தேடி எடுத்து வைக்கிறான். இயந்திரம் உஸ்ஸென்று மூடுகிறது. வரிசையில் வெர்னிடாவுக்குப் பின்னால் நிற்பவர் தன் சட்டையை நீட்டுகிறார்.

"எனக்கும் அதே ஆளு."