கிராணியார் தெளித்த தண்ணீர்

“கிராணி ஐயா கையாலதான் மஞ்சத்தண்ணி தெளிக்கணும். இல்லேன்னா இந்தப் பூசையே வேணாம்!”

பவுனம்மாள் இப்படிச் சொன்னதும் முனியாண்டி கோயிலில் கூடியிருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிராணி கந்தையா. இன்னொருத்தி அவர் மனைவி குணபூசணி. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பிரிக்பீல்ட்ஸில் கந்தையாவைத் தெரியாதவர் கிடையாது. ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணி; யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. எங்கே ஆடு, கோழி காவு கொடுத்தாலும் போய் நின்றுவிடுவார். ‘எல்லா உயிரிலும் சிவன் இருக்கிறார், வெட்டாதீர்கள்’ என்று கும்பிட்டுக் கேட்பார்.

இருபது வருஷமாகக் கேட்கிறார். ஒரு தடவை தலையில் சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த வாரமும் போனார். ஜப்பான்காரன் காலத்தில் ஊரே மரவள்ளிக் கிழங்குக்கு அல்லாடியபோது, தன் பங்கில் பாதியை ஒரு நொண்டி மாட்டுக்குப் போட்டவர்.

“எனக்கு வாய்ச்ச மனுசன் இப்பிடி” என்பாள் குணபூசணி. கேட்பவர்கள் புலம்பல் என்று நினைப்பார்கள். அத்தனையும் பெருமை.

அந்த மனுசனைத்தான் இன்றைக்கு நாலு பேர் நடுவில் நிறுத்திவைத்துச் சிரிக்கிறார்கள்.

பவுனம்மாளின் புருஷன் விஜயனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். உயிரோடு திரும்பினால் கிடா வெட்டுவதாக முனிக்கு நேர்ந்துகொண்டு, அந்த வாரமே ஒரு குட்டியை வாங்கிவிட்டாள். சண்டை முடிந்து மூன்று மாதம் கழித்து, எலும்பும் தோலுமாக விஜயன் வந்து சேர்ந்தான். இரண்டு வருஷம் வளர்ந்த கிடா, கயிறு இல்லாமலே பவுனம்மாள் பின்னால் கோயிலுக்கு நடந்து வந்திருந்தது.

“அம்மா, உங்கட புருஷன் தப்பி வந்த நேரத்திலை இன்னொரு உயிரை எடுக்க வேண்டாம்” என்றுதான் கந்தையா கேட்டார். அதற்குத்தான் இந்தப் பதில்.

பூசாரி தம்புசாமி கத்தியைத் தீட்டியபடியே முகத்தைச் சுளித்தார். “தண்ணி தெளிக்கிறது பூசாரி வேலை. செம்பை இப்படிக் கொண்டா, பவுனு.”

“நேர்ந்துக்கிட்டவ நானு. நான் சொல்ற ஆளுதான் தெளிக்கணும்.”

“சரி, யாரோ தெளிங்க. நேர்த்திய நிறுத்தினா முனி சும்மா விடாது. குடுத்த ஆளத் திருப்பி எடுத்துக்கும்.”

விஜயன் ஒரு மரத்தடியில் காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பவுனம்மாள் அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு நேராக வந்து செம்பைக் கந்தையாவின் முன்னால் நீட்டினாள்.

“புடிங்க. உங்க சிவன் பெருசா, எங்க முனி பெருசான்னு இன்னிக்குப் பாத்துருவோம்.”

கந்தையா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “வெட்டுக்கு நான் துணை போக மாட்டன், அம்மா.”

“கிராணியாரே, தெளிச்சுட்டு ஈரல் வாங்கிட்டுப் போங்க!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு.

பவுனம்மாள் விடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துச் செம்பை அதில் வைத்து அழுத்தினாள். கந்தையா திடுக்கிட்டார். செம்பைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

வாங்கிக்கொண்டார்!

குணபூசணி தலையில் கை வைத்துக்கொண்டாள். ‘ஐயோ, இருபது வருஷமும் போச்சுதே!’

மஞ்சள் தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி சம்மதம் கொடுத்துவிட்டது, கத்தி இறங்கலாம். மூன்று தரம் தெளித்தும் உதறாவிட்டால் சாமிக்கு வேண்டாம் என்று அர்த்தம். உதறாத கிடாவை அந்தக் கோயிலில் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

கந்தையா குனிந்து முதல் தரம் தெளித்தார். கிடா கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாம் தரம். அசை போட்டது.

மூன்றாம் தரம், செம்பில் இருந்ததையெல்லாம் முதுகில் ஊற்றினார். கிடா சும்மா நின்றது.

சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது.

“இன்னொரு தரம் ஊத்துங்க!” என்றது ஒரு பசித்த குரல்.

“மூணுக்கு மேல கிடையாது” என்றார் தம்புசாமி. “முனி வேணாங்குது.” கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

பவுனம்மாள் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதற்கு மாலை போட்டு, முனியின் பேருக்கு விட்டுவிட்டார்கள். இனி அதன்மேல் ஒருவரும் கை வைக்கத் துணிய மாட்டார்கள்.

கந்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

குணபூசணி ஓட்டமும் நடையுமாக அவரைப் பிடித்தாள். அவள் முகம் பூரித்துப்போயிருந்தது.

“பாத்தியளே! உங்களை வெக்கப்படுத்த நினைச்சவளுக்கு நல்லாய் வேணும். இருபது வருஷமாய் நீங்கள் கேட்டது அந்த முனிக்கே கேட்டிட்டுது!”

“முனிக்குக் கேட்டதோ தெரியாது, குணம்.” கந்தையா நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “குளிர்தண்ணி பட்டால்தானே ஆடு சிலிர்க்கும்? அவள் என்ரை கையிலை தந்தது பதமாய்ச் சுடவைச்ச தண்ணி. பூசாரி தொட்டிருந்தால் கண்டுபிடிச்சுக் கொட்டியிருப்பான். தொட்டும் வாய் திறக்காத ஆள் தேடித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.”